சன்னலுக்குத் தனி விலை

சங்கரன்கோவிலில் ரயிலடிக்குப் போகும் பக்கம் புதுத் தெருக்கள் முளைத்துக்கொண்டிருந்த ஐம்பதுகளில் நாங்கள் வீடு வாங்கினோம். அதுவரை கட்டி முடித்த வீட்டை யாரும் விலைக்கு வாங்கி நான் பார்த்ததில்லை. இடம் வாங்குவார்கள், கொத்தனாரைப் பிடிப்பார்கள், கையில் காசு இருக்கும்வரை கட்டுவார்கள், தீர்ந்ததும் பாதியில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே குடியும் போவார்கள். ஊரில் இருந்த ஒரு மர வியாபாரிதான் வரிசையாக, ஒரே அச்சில் வீடுகள் கட்டி விற்கப்போகிறேன் என்று கிளம்பினார்.

என் கணவருக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். மண்டிக்குப் பின்னால் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். மூட்டை அவிழ்க்கிற நாளில் பிள்ளைகள் தும்மித் தும்மியே தூங்கிப்போவார்கள். எங்களோடு அவருடைய அக்காவும் இருந்தாள். கல்யாணமான மறு வருஷமே கணவனை இழந்து தம்பியிடம் வந்தவள். எனக்கு மதினி. வந்த நாளிலிருந்து அவள் வீட்டின் பின்பக்கத்திலேயே வாழ்ந்தாள். இது வேண்டும் என்று அவள் எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை.

வரிசையில் முதல் வீடு முடிந்ததும் வியாபாரி அதில் தானே குடிபோனார். மற்ற வீடுகளுக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. வாங்க நினைக்கிறவர்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போய்க் காட்டுவார். நாங்கள் மூவரும் போனோம்.

"இதே மாதிரிதான் எல்லா வீடும். தைரியமா வாங்கலாம்" என்றார்.

என் கணவர் உள்ளே நுழையவே இல்லை. தலைவாசல் கதவைத் தடவிக்கொண்டே நின்றார். வழவழவென்று, பூ வேலைப்பாடும் பித்தளைக் குமிழுமாக இருந்தது.

"இந்தக் கதவு வருமா அண்ணாச்சி?"

"கதவு வரும் தம்பி. வேம்புல வரும். இது பர்மாத் தேக்குல்லா. அது தனி."

"தரை?"

"சுண்ணாம்புத் தரை. இந்தச் செவப்புச் சிமெண்டு வேணும்னா அது தனி. சிமெண்டு இப்ப எங்க கெடைக்கி, நீங்களே சொல்லுங்க."

மின்சார விளக்கு தனி. கொல்லையில் கிணற்றுக்கு உருளை தனி. நான் சமையல்கட்டுக்குள் போனேன். அங்கே நின்றுகொண்டே சமைக்கிற மேடை ஒன்று இருந்தது, மேலே புகைபோக்கி. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதன் முன்னால் போய் நின்று பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குக் கச்சிதமாக இருந்தது. கேட்காமலே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"அதுவும் தனிதானே அண்ணாச்சி?"

"ஆமா தங்கச்சி" என்று சிரித்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஆசையை முதலில் காட்டிவிட்டு விலையைப் பிறகு சொல்லத் தெரிந்தவர்.

வெளியே வரும்போது மதினியைக் காணவில்லை. தெருவைப் பார்த்த முன்னறையில், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தெருவில் அப்படி ஒன்றும் இல்லை. செங்கல் வண்டி ஒன்று, அதன் மாடுகளுக்கு யாரோ தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பி வியாபாரியையே கேட்டாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் இங்கன சன்னல் உண்டுமா?"

என் கணவர் சட்டென்று அவளைப் பார்த்தார். வேற்று ஆணிடம் அவள் நேராகப் பேசியதே அவருக்குப் புதிது.

"இல்ல தாயி. மத்த வீட்டுல இந்த ரூம்பு சரக்குப் போட்டுவைக்கதுக்கு. வாங்குதவுக பூரா யாவாரிக. களவு போயிரக் கூடாதுன்னு மேல ஒரு துவாரம் மட்டும் விட்டிருக்கேன். சன்னல் வேணும்னா சுவர உடைக்கணும், நிலை வைக்கணும், கம்பி போடணும்..."

"அப்ப அது தனி" என்றாள் மதினி.

புது வீட்டில் அந்த அறை அவளுக்கு என்று ஏற்கெனவே பேசியிருந்தோம். பாதி அறை அவளுக்கு, பாதி மூட்டைகளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் பார்த்தார் என் கணவர். தேக்குக் கதவை அவர் விடுவதாக இல்லை. "நாலு பேரு வந்து போற எடம். யாவாரத்துக்கு மதிப்பு வேணும்" என்றார். அதற்குப் போக, இழுத்துப் பிடித்தால் இன்னும் ஒன்றுதான் முடியும் என்றார். மேடை என்று முடிவாயிற்று. சன்னலைப் பற்றி யாரும் பேசவில்லை. மதினியும் பேசவில்லை.

அடுத்த சில வாரங்கள் அவள் எப்போதும்போலத்தான் இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால் நானும் என் பங்குக்கு முறைத்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஒரு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு நானே போனேன். கொத்தனாரோடு நின்றிருந்த வியாபாரியிடம் சொன்னேன்:

"அண்ணாச்சி, மேடை வேண்டாம். அதுக்குப் பதிலா முன்னறையில சன்னல் வச்சிருங்க."

"தம்பிகிட்ட கேட்டாச்சா?"

"சமையல்கட்டு என் எடம். நான் சொல்லுதேன்."

பெரிய தியாகம் செய்ததாக இதை நான் நினைத்துக்கொள்வதில்லை. கதவு விஷயத்தில் கணவர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கும் அதில் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்தபோது நிலை வைத்து முடித்திருந்தார்கள். "புகையில கெடந்து சாவு" என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு சத்தம் போடவில்லை. மதினி என்னிடம் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. பால் காய்ச்சிய அன்று அந்த அறைக்குள் போய்ச் சன்னல் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அவ்வளவுதான்.

சன்னல் வந்ததோடு சண்டையும் வந்தது. "தெருவுல போறவன் வாரவன் எல்லாம் பாப்பான். சாத்தியே வை" என்றார் கணவர். அவர் வீட்டில் இருக்கும்போது சாத்தியிருக்கும். மண்டிக்குக் கிளம்பிப்போனதும் திறந்துவிடும். தறி நெய்கிற வீட்டுப் பெண்கள் நூல் வாங்கப் போகும்போது நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். கையால் தைத்த ரவிக்கையை மதினி ஒருத்திக்குக் கொடுக்க, அதைப் பார்த்து இன்னொருத்தி துணியோடு வந்தாள். கம்பி வழியாகத் துணி உள்ளே வரும், ரவிக்கையாக வெளியே போகும்.

ஒரு நாள் கணவர் மத்தியானமே வந்துவிட்டார். சன்னலுக்கு வெளியே மூன்று பெண்கள் நிற்க, உள்ளேயிருந்து மதினி சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து படாரென்று சன்னலை அடைத்தார்.

"என்ன அக்கா இது? நாலு பேரு என்னைப் பத்தி என்ன பேசுவான்?"

"என்ன பேசுவான்? தைக்கத் தெரிஞ்ச பொம்பளைன்னு பேசுவான்."

"உனக்கு இங்க என்ன கொறை? சோறு இல்லையா, துணி இல்லையா?"

"ஒரு கொறையும் இல்லை தம்பி. நீ நல்லா வச்சிருக்க. ஆனா எத்தன வருசம் நான் சுவத்தையே பாத்துக்கிட்டிருக்க? நீயே சொல்லு."

அவர் சாப்பிடாமலே மண்டிக்குத் திரும்பிவிட்டார். மதினி எழுந்து சன்னலைத் திறந்தாள். அதற்குப் பிறகு யாரும் அதைச் சாத்தச் சொல்லவில்லை.

அவர் மனசு எப்படி மாறியது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. மண்டிக்கு வந்த ஊர்ப் பெரிய புள்ளி ஒருவர், தன் வீட்டுப் பெண்களுக்கு மதினி தைத்துக்கொடுத்ததைப் பாராட்டினாராம். அதற்கு அடுத்த வாரம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வத்தல் ஏற்றி வந்த வண்டியில் ஒரு தையல் மெஷினும் வந்து இறங்கியது. கடையை மூடிய தையல்காரர் ஒருவரிடம் வாங்கியிருக்கிறார். "சும்மா கெடந்துச்சு, கேட்டேன், குடுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். அந்த அறையிலிருந்த மூட்டைகள் மறுநாளே மண்டிக்குத் திரும்பிப்போயின.

இது எல்லாம் நல்லதாகவே நடந்தது. ஆனால் நான் புகையில்தான் இருந்தேன். மழைக்காலத்தில் ஈர விறகு ஊதி ஊதிக் கண் இரண்டும் சிவந்துபோகும். குனிந்து எழுந்து முதுகு விண்விண் என்று தெறிக்கும். முன்னறையில் மெஷின் ஓடுகிற சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்கும்போது, அந்தச் சன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறேன். நானே கேட்டு வாங்கிய சன்னல்தான். அதனால் யாரிடம் போய்ச் சொல்ல? வெகு காலம் கழித்து ஒருவழியாக மேடை கட்டினோம். தரையை உடைத்து, கூரையைப் பிரித்துப் புகைபோக்கி வைத்ததில், ஆரம்பத்தில் கேட்டதைப்போல் இரண்டு பங்குக்கு மேல் ஆயிற்று. வியாபாரி வந்து பார்த்துவிட்டு, "அப்பவே செஞ்சிருக்கலாம் தங்கச்சி" என்றார். அதற்குள் அவர் கட்டிய அடுத்த வரிசை வீடுகளில் முன்னறைக்குச் சன்னல் சேர்ந்தே வந்தது. எங்கள் வீட்டைப் பார்த்து ஆட்கள் கேட்டார்களாம். விலையும் சேர்ந்தே ஏறியிருந்தது.

மேடை வந்த மறு வருஷம் மதினி புளியங்குடிக்குப் போனாள். அங்கே பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். தங்க இடமும் கொடுத்தார்கள். அவள் எங்களிடம் போகலாமா என்று கேட்கவில்லை, போகிறேன் என்றுதான் சொன்னாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. உனக்காகத்தானே மேடையை விட்டேன் என்று வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். அவள் அதைக் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன்.

"ஏட்டி, நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகலை. போக முடியுதுன்னு போறேன்" என்றாள்.

பஸ் மேல் மெஷினை ஏற்றக் கூலிக்காரனை விடாமல் என் கணவரே ஏறினார். சாக்குப் போட்டுச் சுற்றி, கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். கண்டக்டரிடம், "பாத்து எறக்குங்க, அக்கா மெஷினு" என்று இரண்டு முறை சொன்னார். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது கோயில் வாசல் பக்கம் வந்ததும் அவர், "புளியங்குடியில எலுமிச்சை வாங்கப் போறவன் நெறையப் பேரு இருக்கான். அடிக்கடி சொல்லி விடலாம்" என்றார்.

"சொல்லி விடுவானேன்? நாமளே போவோம்" என்றேன்.

போனோம்.