யூனியன் ஆகலை

எங்கள் வீட்டில் யூனியன் என்றால் இரண்டுதான். ஒன்று, என் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஐயம்பேட்டை ஸ்டாண்டின் யூனியன். இன்னொன்று, குழாயில் தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு போய் நின்று கத்துகிற யூனியன் ஆபீஸ். மூன்றாவதாக ஒன்று இருப்பதை எலும்பு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்டாண்டில் சும்மா நின்றுகொண்டிருந்த மனுஷன் மேல் எவனோ பைக்கை விட்டுவிட்டான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிற்று. பிரேக் மிதிக்கிற கால். மாவுக்கட்டு போட்டுச் சில மாதங்கள் கழித்து, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"யூனியன் ஆகலையேம்மா."

நான் திருதிருவென்று விழித்தேன்.

"உடைஞ்ச எலும்பு கூடறதை நாங்க அப்படித்தான் சொல்வோம். இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம். அப்பவும் கூடலைன்னா ஆபரேஷன்தான். இடுப்புல இருந்து எலும்பு எடுத்து வைக்கணும். அதுவரைக்கும் காலைத் தரையில ஊனவே கூடாது."

அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேறு என்னதான் என் கையில் இருந்தது? பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டி மடித்து வைக்கிற வேலை எனக்கு. வந்தவர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே முந்தானையை விரிப்பேன். கண் கடிகாரத்திலேயே இருக்கும். சாப்பாட்டு நேரம் வந்ததும் போன் போடுவேன்.

"யோவ், கால் எங்க இருக்குது?"

"இன்னா கேள்விமே இது? ஒடம்போடதான் இருக்குது."

"கீழயா, மேலயா?"

"சேர் மேல நீட்டிக்கினு குந்திகினு இருக்கேன். நீ சோறு துன்னியா?"

எனக்குச் சோறு இறங்காது. பொய் சொல்கிறாரோ என்றுதான் இருக்கும். பக்கத்து வீட்டுத் தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். அத்தனை இழையும் ஒட்டிக்கொள்கிறதே, இந்த ஒரே ஒரு எலும்புக்கு என்ன கேடு?

கோயில் வாசலில் கால் உருவம் போட்ட தகடு விற்பார்கள். உண்டியலில் போடலாம் என்று போனேன். இருந்ததெல்லாம் இடது காலாகவே தெரிந்தது. "வலது கால் குடுமா" என்று நின்றேன். "திருப்பிப் புடிச்சா வலது" என்றாள் விற்கிறவள். சாமி திருப்பிப் பார்க்குமா என்று அதற்கும் ஒரு பயம் வந்து சேர்ந்தது.

ஸ்டாண்டுக்காரர்கள் ஹார்லிக்ஸோடு வந்தார்கள். "ஸ்டாண்டுல உன் வரிசை நெம்பர் அப்படியே இருக்குதுபா. யூனியன் இருக்கும்போது உனக்கு இன்னா கவலை?" என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சுரீர் என்றது. பஸ்ஸில் கண்டக்டர் "யூனியன் ஆபீஸ் எல்லாம் எறங்கு" என்று கூவினாலும் அப்படித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்தேன். பால் பொங்குகிறது என்று அடுப்பை அணைக்க, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வலது கால் விரல்கள் தரையில் பட்டிருந்தன.

நான் போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. "காலை எடுய்யா! கூடாமப் போச்சுன்னா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அன்று முதல் பாத்ரூமுக்குப் போகவும் அவருக்கு என் தோள் வேண்டியிருந்தது. நான் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இரண்டு மாதம் ஓடியது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர் இந்தத் தடவை சிரித்தார். "யூனியன் ஆயிடுச்சும்மா. இனிமே ஊனி நடக்கணும். நடந்தாதான் காலுக்குப் பலம்."

எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக வந்தது. டாக்டர் அவரைக் கட்டிலிலிருந்து இறங்கச் சொன்னார். இடது கால் இறங்கியது. வலது கால் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

"ஒண்ணும் ஆகாது, ஊனுங்க" என்றார் டாக்டர்.

அவர் டாக்டரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். "நீ சொல்லுமே. வைக்கட்டுமா?"

வை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வேணாம்யா" என்றுதான் வந்தது. அவர் காலை மேலே இழுத்துக்கொண்டார்.