படியில் உட்கார்ந்து ஏறும் பெண்

திண்டிவனத்தில் நான் படித்த கல்லூரியில் என்னையும் என் தோழியையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் குறைவு. நான் இரண்டு கட்டைகளை ஊன்றி நடப்பவள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. என் தோளில் அவள் கை இருக்கும், அவள் முதுகில் என் பையும் சேர்ந்து தொங்கும். விடுதியில் ஒரே அறை. பாடத்தை நான் இரண்டு தரம் வாய்விட்டுப் படிப்பேன். அவளுக்கு அது போதும். மறுநாள் நான் திணறும் இடத்தில் அவளே எடுத்துக் கொடுப்பாள்.

இறுதியாண்டில் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகை பற்றித் தெரிந்தது. மாற்றுத்திறனாளி மாணவர்களில் தலைமைப் பொறுப்புக்கு வரக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்து, முதுகலை முடியும்வரை படிப்பு, விடுதி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள். மாவட்டத்துக்கு ஒருவர்தான். கோலியனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டுப் பிழைக்கும் என் அப்பா, பி.ஏ.வோடு நிறுத்திக்கொள் என்று சொல்லிவிட்டிருந்தார். அது கிடைத்தால் சென்னையில் சமூகப்பணி படிக்கலாம். கிடைக்காவிட்டால் வீடுதான். இருவரும் விண்ணப்பித்தோம். யாருக்குக் கிடைத்தாலும் சந்தோஷம் என்று நானே சொன்னேன், பெரிய மனசுக்காரி மாதிரி.

நீங்கள் முன்னின்று செய்த காரியம் என்ன என்று நேர்காணலில் கேட்பார்கள் என்பது முன்பே தெரியும். என்னிடம் ஒன்று இருந்தது. எங்கள் வகுப்பு இரண்டாம் மாடியில் நடந்தது. கட்டைகளை மேலே தள்ளிவிட்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவேன். ஒரு வருஷம் பொறுத்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போய், வரிசையில் நின்று, நானே பேசினேன். வகுப்பு கீழே வந்தது. அன்று அவளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாள். "எனக்கு பயமா இருக்குதுடி, நீயே பேசு" என்றாள்.

இதை எப்படிச் சொல்வது என்று எழுதி, ஒரு வாரமாக அறையில் அவளிடமே படித்துக் காட்டினேன், பாடத்தைப் போலவே இரண்டிரண்டு தரம். "அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்திச் சொல்லு, நல்லா இருக்கும்" என்று திருத்தம்கூடச் சொன்னாள். என் மடத்தனத்தை என்னவென்று சொல்வது!

நேர்காணல் விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். கதவுவரை நான்தான் கொண்டுபோய் விட்டேன். சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். "இன்னாடி கேட்டாங்க?" என்றேன். "சும்மா வீட்டப் பத்திதான்" என்றாள்.

அடுத்தது நான். மனு நாள் என்று ஆரம்பித்ததுமே கேள்வி கேட்ட மூன்று பேரில் நடுவிலிருந்த அம்மையார் முகம் மலர்ந்தார்.

"ஓ, படியில உக்காந்து உக்காந்து ஏறுற பொண்ணு நீங்கதானா? உங்க ஃபிரெண்டு சொன்னாங்க. உங்களுக்காக கலெக்டர் வரைக்கும் போய்ப் பேசியிருக்காங்களே. குடுத்து வெச்சவங்கம்மா நீங்க."

"இல்லீங்க மேடம், பேசுனது நாந்தாங்க" என்றேன். மூன்று பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். தோழிக்கு வந்த நல்ல பேரைத் தட்டிப் பறிக்க வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். அதற்குமேல் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

திரும்பி வரும்போது பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் வெடித்துவிட்டேன்.

"நான் செஞ்சத எப்படிடி நீ செஞ்சேன்னு சொன்ன? ஒரு வாரமா கேட்டுக்கினு இருந்தியே, இதுக்குத்தானா?"

"நானும் உங்கூட வந்தேன் இல்ல?" என்றாள். "எனக்குச் சொல்றதுக்கு வேற இன்னாடி இருக்குது?" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. திண்டிவனத்தில் இறங்கியதும் அவள் கை என் தோளைத் தேடியது. பஸ் ஸ்டாண்டில் அத்தனை வண்டிகளுக்கு நடுவே என்ன செய்வது? தோளைக் கொடுத்தேன்.

அவளுக்கே கிடைத்தது. வந்த செய்தியை அவளுடைய போன் அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் சென்னைக்கு வந்துருடி. படிச்சுக் காட்ட ஆள் வெச்சிக்கறதுக்கு மாசாமாசம் தனியா குடுக்கறாங்களாம். வெளியாளுக்கு எதுக்குக் குடுக்கணும்? அத நீயே வாங்கிக்கோ."

அவள் கேலி செய்யவில்லை. எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்துச் சொன்னாள். அந்த மண்டபத்தில் நடந்ததைக்கூட எப்போதோ மன்னித்திருப்பேன். இதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.