பின்பலகை

அந்த மீன்பிடிப் போட்டைப் பார்க்கப் போனபோது என்னைக் கூட்டிப் போக என் மகனுக்கு இஷ்டமில்லை. மருமகள்தான் அனுப்பினாள். "அத்தயும் இட்னு போங்க. பைபர் ஷெட்டுல அத்தினி வருசம் வேல பாத்துகிறாங்க, நல்லதா கெட்டதான்னு அவங்களுக்குத் தெரியும்" என்றாள். கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அவள் கழுத்திலும் காதிலும் இருந்ததை அடகு வைத்துத்தான் இந்தப் போட்டை வாங்கப் போனோம்.

மகனுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சொந்தப் போட்டு ஒரு புயலில் திருவொற்றியூர் கரையில் கொட்டி வைத்த கல்லில் மோதி உடைந்ததிலிருந்து காசிமேட்டில் அடுத்தவர் லாஞ்சில் கூலிக்குப் போய் வந்தான். போனால் பத்து நாள் கடலிலேயே. வந்தால் முதலாளி முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். பழசானாலும் நமக்கென்று ஒரு பைபர் போட்டு, பின்னால் தொங்கவிடும் எஞ்சினோடு இருந்தால், விடியற்காலை போய் வெயில் ஏறுவதற்குள் கரைக்கு வந்துவிடலாம். அவன் ஆசை அவ்வளவுதான். பெரிய ஆசை இல்லை.

விற்கிறவர் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்துக்காரர். என் தம்பிக்குத் தெரிந்தவர். எங்கள் பக்கத்துக்குப் பேசவும் பார்க்கவும் தம்பிதான் வந்திருந்தான். போட்டைத் தண்ணீரிலேயே நிறுத்தி, பின்பக்கம் கரையைப் பார்க்க ஒரு கழியில் கட்டி வைத்திருந்தார்கள். நீலமும் மஞ்சளுமாகப் புதுப் பெயிண்ட். மற்ற காலமாக இருந்தால் புதுப் பெயிண்டைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும். முகத்துவாரத்தில் ஆலை எண்ணெய் வந்து படிந்து போட்டெல்லாம் கறையானதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பெயிண்ட் அடிக்காத போட்டே இல்லை. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தம்பி முதலில் கேட்டது போட்டின் ராசியை. எங்கள் ஆட்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

"இதுல போயி யாராச்சும் செத்துகிறாங்களா மாமு?"

"இன்னா மச்சான் இப்டி கேக்குற. ஒரு கீறல் பட்டதில்ல. இத வாங்குன வருசந்தான் எம் பொண்ணுக்குக் கல்யாணம் முடிச்சேன்."

"அப்ப ஏன் விக்கற?"

"மாப்ள காட்டுப்பள்ளில காண்ட்ராக்ட்டு வேலைக்குப் பூட்டாரு. எனக்கு முட்டி தேஞ்சிடுச்சு. போட்ட கட்டி வச்சிகினு கொக்கு வெரட்டிகினு இருக்கச் சொல்றியா?"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி எஞ்சின் மூடியைக் கழற்றினான். கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகை வெள்ளையா நீலமா என்று பார்த்தான். பக்கத்துத் துளையில் தண்ணீர் பீச்சுகிறதா என்று உள்ளங்கையை நீட்டி, சூட்டையும் பார்த்தான். தண்ணீரைத் தள்ளும் விசிறியின் இறக்கை ஒவ்வொன்றையும் விரலால் தடவினான். என் தம்பிக்கு எஞ்சின் தெரியும். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

எஞ்சின் எதன்மேல் தொங்குகிறதோ அந்தப் பின்பலகையை அவன் பார்க்கவில்லை. பைபர் போட்டில் அது வெளியே பார்க்கப் பைபராகத்தான் தெரியும். உள்ளே மரம் இருக்கிறது. எஞ்சினை மாட்டிய போல்ட் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் இறங்கினால் அந்த மரம் ஊறிச் செத்துப்போகும். மேல் தோல் மட்டும் வழவழவென்று இருக்கும். ஒரு நாள் அலையில் எஞ்சினை முறுக்கும்போது பலகையோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். பின்பக்கம் திறந்த போட்டில் தண்ணீர் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

ஊறிய போட்டுக்குக் கனம் அதிகம். நல்ல போட்டை எட்டுப் பேர் கை கொடுத்தால் மணலில் ஏற்றிவிடலாம். கரையில் ஏற்றிக் காட்டச் சொல்லியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். விற்கிறவர் அதற்குத்தான் முன்கூட்டியே தண்ணீரில் இறக்கி வைத்திருந்தார் என்று பிற்பாடு எனக்குப் பட்டது.

ஓட்டிப் பார்க்கப் பெட்ரோல் கேன் எடுக்க மூவரும் மேட்டுக்குப் போனார்கள். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். வீட்டுச் சாவி இடுப்பில் இருந்தது. அதால் பின்பலகையைத் தட்டினேன். ஓரத்தில் 'டங்' என்றது. நடுவில், எஞ்சின் மாட்டிய இடத்துக்குக் கீழே, ஈரச் சுவரைத் தட்டியது மாதிரி 'தொத்' என்றது. ஒரு சாணுக்குச் சத்தமே இல்லை. குனிந்து பெயிண்டின்மேல் சாய்வாகப் பார்த்தேன். உப்புத்தாளை நனைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்த தடம் பெயிண்டுக்கு அடியில் தெரிந்தது.

அந்தத் தடத்தை எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஷெட்டின் கை அது. மற்ற ஷெட்டுகளில் மேலும் கீழுமாகத் தேய்ப்பார்கள். எங்களுக்கு மேஸ்திரி வட்டமாகத் தேய்க்கத்தான் சொல்லிக் கொடுத்தார்.

விம்கோ நகர் தாண்டி, தகரம் போட்ட ஷெட் அது. பதினோரு வருஷம் அங்கே இருந்தேன். கண்ணாடி நார்ப் பாயை அளவுக்கு வெட்டிக் கொடுக்கிற வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். முதல் இரண்டு வருஷம் அது உண்மைதான். அதற்கப்புறம் பட்டி பூசும் வேலைக்கு மாற்றினார்கள். விற்பனைக்கு வருகிற பழைய போட்டுகளில் ஊறிய பின்பலகையை அறுத்து எடுத்து மாற்றினால் ஆள், நாள், மரம் எல்லாம் செலவு. அதனால் மேல்தோலைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு, ரெசினில் மாவு கலந்து பட்டி போட்டு, தேய்த்து, பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். ஷெட் முதலாளி சொல்வார், நாங்கள் நாலு பொம்பளைகள் செய்வோம். உடம்பெல்லாம் நார் குத்தி அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தேய்ப்போம். எந்தப் போட்டு யாருக்குப் போனது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

இந்தப் பலகையைப் பூசியது என் கையா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

"ஆயா."

விற்கிறவர் மேட்டிலிருந்து கூப்பிட்டார். குரல் பெரிதாக இல்லை. "ஒரு நல்ல காரியம் பேசற நேரத்துல நீ போட்ட தொடலாமா? இந்தாண்ட வந்து நெழல்ல குந்து."

புருஷனை இழந்தவள் போட்டைத் தொடக்கூடாது. அது எனக்குத் தெரியாததில்லை. என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கரையேறினேன். அவருக்கு அது ராசிக்காகச் சொன்ன வார்த்தையா, பலகைக்காகச் சொன்ன வார்த்தையா, இன்று வரை எனக்குத் தெரியாது.

அவர்கள் மூவரும் போட்டில் ஏறி முகத்துவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார்கள். நான் கரையில் நின்றேன். தம்பி எஞ்சினை முறுக்கியபோது பின்பலகை லேசாக ஆடியது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். என் மகன் முன்னால் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தன்று கூட அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

திரும்பி வந்து இறங்கியதும் தம்பி எல்லார் முன்னாலும் கேட்டான். "இன்னாக்கா, தட்டிப் பாத்தியாமே. எப்டி கீது?"

நாலைந்து ஆம்பிளைகள் கூடிவிட்டிருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விற்கிறவரும் பார்த்தார். ஈரமா இருக்கு என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். சத்தத்தை வைத்து என்றால் சிரிப்பார்கள். பட்டியை வைத்து என்றால், நீ பட்டி பூசினவளா என்று கேட்பார்கள். மகன் முன்னால், தம்பி முன்னால். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். அன்றைக்கு அது வெறும் கூச்சமாக இருந்திருந்தால் பரவாயில்லை.

"எனக்கு இன்னா தெரியும்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று ஒருவர் சொல்ல, தம்பி சிரித்துவிட்டு வெற்றிலை பாக்கின்மேல் முன்பணத்தை வைத்தான். போட்டின் தலையில் கற்பூரம் ஏற்றினார்கள். கற்பூரம் எரிந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் வேண்டாம் என்றால் இரண்டு குப்பத்துக்கும் தகராறு. அது எரிந்து அடங்குகிற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்றாம் நாள் எங்கள் கரையில் போட்டை மணலில் ஏற்றினார்கள். எட்டுப் பேரால் அசைக்க முடியவில்லை. இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். என் மகன் போட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வீட்டுக்குள் வந்தேன். பின்னாலேயே வந்தான்.

"இன்னாமா இத்தினி வெயிட்டு கீது?"

சொன்னேன். தட்டியது, சத்தம், வட்டத் தடம், ஷெட்டில் நான் செய்த வேலை, எல்லாம். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். மகன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மாமா கேட்டாரே. அப்ப இன்னா பண்ணிகினு இருந்த?"

நான் போய் அணைந்த அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் கோயில் கட்டடத்தில் கூடினார்கள். பட்டி பூசி ஏமாற்றிவிட்டார் என்று தம்பி சொன்னான். விற்கிறவர் பதறவே இல்லை. "இவங்க அக்காவே பைபர் ஷெட்டுல வருசக்கணக்கா பட்டி பூசுனவங்க. எங்க பக்கத்து ஆளுங்க போட்டெல்லாம் அந்த ஷெட்டுக்குத்தான் போவும். எங்களுக்குத் தெரியாதா? அவங்க எறங்கித் தட்டிப் பாத்தாங்க, நான் எங் கண்ணால பாத்தேன். தெரிஞ்சிகினு வாங்கிட்டு இப்ப வந்து பேஜார் பண்ணா?" என்றார்.

வெளியே பொம்பளைகளோடு நின்ற என்னை உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் பெரியவர் ஒருவர் கேட்டார். "தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

ஆம்பிளைகள் நடுவில் நின்று என் வாயால் நான் உண்மை சொன்னது அந்த ஒரு தடவைதான். அதோடு பேச்சு முடிந்தது. தெரிந்து வாங்கிய பொருளுக்குத் திருப்பிக் கேட்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. வெளியே வரும்போது தம்பி என்னிடம் சொன்னான். "மொதல்லயே சொல்லிருக்கணும். இல்லனா கடைசி வரிக்கும் வாயத் தொறக்காம இருந்துருக்கணும். நடுவுல எதுக்கு?"

மகன் மறுபடியும் லாஞ்சுக்குப் போனான். போட்டு மணலில் கிடந்தது. நான் யாரையும் கேட்காமல் பழைய உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இப்போது தொடாதே என்று சொல்ல யாரும் வரவில்லை. கெட்டுப்போன போட்டுக்கு என்ன ராசி. உள்தோலை அறுத்துத் திறந்தால், மரம் தண்ணீரில் போட்ட ரொட்டி மாதிரி கறுத்துக் கைநிறைய வந்தது. நாற்றத்துக்குச் சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டேன். முழுவதையும் சுரண்டி எடுக்க ஒன்பது நாள் ஆனது. புதுப் பலகையைத் தம்பி வண்ணாரப்பேட்டையிலிருந்து கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். ஷெட்டில் ஒரு நாளும் செய்யாததை எல்லாம் செய்தேன். பலகையை ஒரு வாரம் வெயிலில் காயவைத்தேன். நாலு பக்கமும் ரெசின் குடிக்க விட்டேன். ஒரு நார்ப் பாய் ஒட்டினால் அது இறுகும் வரை அடுத்ததைத் தொடவில்லை. கழுத்து வரை அரிப்பு. என் வயதில் கை முன்னைப் போல ஓடாது. மருமகள் மத்தியானம் சோற்றைக் கொண்டுவந்து மணலில் வைத்துவிட்டுப் போவாள். கூப்பிடமாட்டாள்.

வேலை முடிந்தபோது மகன் கரையில் இருந்தான். வந்து பார்த்தான். கையால் தடவினான். மறுநாள் ராயபுரத்திலிருந்து ஒரு ஆளைக் கூட்டிவந்தான். போட்டு கட்டுகிற ஆள். அவர் கையில் துளை போடுகிற மிஷின் இருந்தது.

"யாரு செஞ்சது இத?" என்று அவர் கேட்டார்.

"ஒரு ஆளு" என்றான் மகன்.

நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் பலகையின் நடுவில், நான் இரண்டு நாள் தேய்த்த இடத்தில், மிஷினை வைத்து ஒரு துளை போட்டார். வந்த தூளை உள்ளங்கையில் வாங்கி விரலால் கசக்கினார். காய்ந்த தூள். மகனும் கொஞ்சம் வாங்கிக் கசக்கிப் பார்த்தான். ஒரு தடவை பார்த்துத் திருப்தி இல்லாமல் இன்னொரு தடவையும் பார்த்தான்.

"நல்லாக் கீதுபா. தைரியமா போவலாம்" என்றார் அவர்.

மகன் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பெற்ற தாயின் வேலையை வெளியாளை வைத்துத் துளைத்துப் பார்த்தான் என்று அக்கம் பக்கத்தில் சொன்னால் அவனைத்தான் திட்டுவார்கள். நான் சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் இரண்டு துளை போட்டிருப்பேன்.

வெயில் இறங்குவதற்குள் கொஞ்சம் ரெசின் கலந்து அந்தத் துளையை அடைத்தேன்.