நங்கூரம் தூக்காத ஓட்டம்

வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பதை நம்பிப் படிப்பைக் கைவிட்ட மடையன் நான். வங்காளம் இருக்கட்டும், அந்த வாய் என்னைப் பக்கத்து லிங்கநகர் தாண்டியும் கொண்டுபோகவில்லை.

அறுபதுகளில் ஒருநாள், நகரத்துத் தியேட்டர் முகாமையாளர் எனக்கொரு சோதனை வைத்தார். கூரையில் ஒலிபெருக்கி கட்டிய காரில் ஊர்சுற்றிப் புதுப்படத்தை அறிவிக்க வேண்டும். படம் ஒரு கிழமை, ஏழு நாளும், ஓடினால் அறிவிப்பாளர் வேலை எனக்கே.

வீட்டைவிட்டு ஓடும் மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கதை. படத்தைப் பாராமலே அன்புவழிபுரம் முழுக்கக் கத்தினேன்: “தாய்மாரே, பிள்ளைகளோடு வாருங்கள்! நெஞ்சைப் பதறவைக்கும் நடுக்கடல் காட்சிகள்!”

துறைமுகத்துச் சனத்துக்குக் கடல் காட்டக் கிளம்பியிருக்கிறேன், பாருங்கள்.

முதல்நாள் தியேட்டர் நிறைந்தது. திரையில் வந்த பதினாறு வயதுப் பையனுக்குத் தொந்தியும் வண்டியும் வைத்திருந்தது. அவன் வாயைத் திறந்தாலே உபதேசம். பெற்றோரின் அருமையைப் பற்றி, ஓடிக்கொண்டே பேசினான்! பிள்ளைகள் விம்மியழுது வீட்டுக்கு ஓடுவார்கள் என்று ஏதோ ஒரு ஸ்டூடியோவில் பெரிய மனிதர்கள் கூடியிருந்து தீர்மானித்திருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள்.

அப்போதுதான் படகு வந்தது. மூவரும் பாட்டுப் பாடியபடி துடுப்பு வலித்தார்கள். படகின் முன்னால் நங்கூரக் கயிறு விறைத்தபடி தண்ணீருக்குள் கிடந்தது. எடுத்தவனுக்குத் தெரியவில்லை, நடித்தவனுக்கும் தெரியவில்லை. மலிவு டிக்கட் கலரியிலிருந்த மீன்பிடிகாரர் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது.

“டேய், நங்கூரத்தைத் தூக்கிப்போட்டு வலியுங்கோடா!”

அவ்வளவுதான். “தூக்கு! தூக்கு!” என்று தியேட்டரே எழும்பி நின்றது. திரையில், கரையில் நின்ற தாய் மாரடித்துக் கதறினாள். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஒருவர் ஆறுதல் சொன்னார்: “அழாதீங்க உம்மா, புள்ளயள் எங்கயும் போகல்ல.”

அதற்குப் பிறகு யார் செத்தார்கள், யார் திருந்தினார்கள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. நானும் சிரித்தேன். வேலை கையைவிட்டுப் போகிறதென்று தெரிந்தும் அடக்க ஏலவில்லை.

மறுநாள் தியேட்டரில் கதிரைகள் மட்டும் படம் பார்த்தன. முகாமையாளரிடம் போய், ஒரு மகா யோசனையை அவிழ்த்துவிட்டேன்.

“ஐயா, நேற்றுச் சனம் சிரிச்ச சிரிப்பைப் பாத்தனீங்கள்தானே? இதைச் சிரிப்புப் படம் எண்டு அறிவிச்சனெண்டால் ஒரு மாதம் ஓடும். என்ன, காரை எடுக்கட்டே?”

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“வேற ஆள் பிடிச்சாச்சு, நீர் போம்.”