மூடும் முன் மூன்று முறை கூப்பிட்டவர்

தேவராஜ் அண்ணன் போய்விட்ட செய்தி வந்தபோது, நான் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் ஒரு சரளைக் குழியின் வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து அவர் மனைவி லெட்சுமி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: "அண்ணே, அவரு காலையில எந்திரிக்கல." சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. பயம். ஏன் என்று சொல்லத்தான், அவரைத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

பதினேழு வருடம் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. மணலும் சரளையும் எங்கே எடுக்கலாம், எவ்வளவு ஆழம் போகலாம், எடுத்து முடித்த நிலத்தை எப்படிச் சரி செய்து திருப்பிக் கொடுப்பது என்று திட்டம் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. நாங்களெல்லாம் முதல் நாள் வேலையிலிருந்து வரையத் தொடங்குவோம். அவர் கடைசித் தாளை முதலில் வரைவார். எங்கே புல், எங்கே தண்ணீர், எந்தச் சரிவில் ஆடு இறங்கினாலும் திரும்ப ஏறி வரும், எல்லாம் அதில் இருக்கும். குழி முதலாளியான ஒரு தவுக்கே அந்தப் பச்சைத் தாளைப் பார்த்துவிட்டு, என் கல்லு எங்கே என்று கத்தினார். அண்ணன் அசையவில்லை. "எத திருப்பிக் குடுக்கப் போறீங்கன்னு சொல்லுங்க பாஸ். எவ்ளோ எடுக்கலாம்னு அப்புறம் நான் சொல்றேன்." ஒதுக்கி வைத்த மேல்மண் குவியலில் லோரியை ஏற்றிய டிரைவர்களுக்கு மட்டும் அவர் வாயிலிருந்து வேறு வகைத் தமிழ் வரும்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குழியை நிரப்பும் நாளில், முதல் லோரி மண்ணைக் கொட்டும் முன், எல்லா எஞ்சினையும் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தனியாக அடிவரை இறங்குவார். தமிழில் ஒரு தரம், மலாயில் ஒரு தரம், வங்காள மொழியில் ஒரு தரம் கூப்பிடுவார்: "யாராச்சும் இருக்கீங்களா? மேல வாங்க, மூடப் போறோம்." முன்பு அவர் வேலை பார்த்த இடத்தில், வெயிலுக்கு ஒதுங்கிக் குழிக்குள் தூங்கிவிட்ட ஒரு தொழிலாளியைக் கடைசி நொடியில்தான் மண்ணுக்கு அடியிலிருந்து இழுத்தார்களாம். அன்றிலிருந்து இந்தப் பழக்கம். எஞ்சின் நின்றாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆளைத்தான் எண்ணியாச்சே, அப்புறம் என்ன கூத்து என்று ஒருமுறை எரிந்து விழுந்தேன். "நாம எண்ணுனது நமக்குத் தெரிஞ்ச ஆளுங்கள மட்டும்தான் லா," என்றார்.

போன வருடம் ஜெஞ்சாரோமுக்கு அப்பால், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு குழி. உச்சி வெயில். மேலே லோரிகள் வரிசை கட்டி நின்றன. கூடவே போனால் சீக்கிரம் முடிப்பார் என்று அன்று நானும் இறங்கினேன். தண்ணீர் இறைக்கும் பம்ப் நின்றது. அதன் பிறகு ஒரு பூச்சிகூடச் சத்தம் போடவில்லை. அண்ணன் தமிழில் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்று பதில் வந்தது.

அலறல் இல்லை, முனகல் இல்லை. அடுப்படியில் வேலையாக இருப்பவரைக் கூப்பிட்டால் திரும்பாமலே சொல்வார்களே, அந்தக் குரல். ஆணா பெண்ணா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. எங்கள் காலுக்குக் கீழே, ஈரச் சரளைக்குள்ளிருந்து வந்தது.

"குணா, கேட்டுச்சா?"

கேட்டது. தெளிவாகக் கேட்டது. மேலே விளிம்பில் பத்துப் பன்னிரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம் என்றால் வேலை நிற்கும், தவுக்கே என்னைக் கிழித்துவிடுவார். அதைவிட, ஆமாம் என்று சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். "இல்லண்ணே," என்றேன்.

அண்ணன் ஒரு நாள் முழுக்கத் தோண்ட வைத்தார். ஆட்களை இரண்டு தரம் எண்ணினோம், யாரும் குறையவில்லை. சரளையும் தண்ணீரும்தான் வந்தன. மூடலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நான் போட்டேன். இன்று அங்கே அவர் வரைந்தபடியே புல் வளர்ந்திருக்கிறது. ஓர் ஆள் படுக்கும் அளவு இடம் மட்டும் உள்வாங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டு முறை மண் போட்டு மட்டப்படுத்தியும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் அவர் யார் பெயரைக் கூப்பிட்டாலும், "இருக்கேன்" என்று குரலை இழுத்துப் பதில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன், பாவி. அவரைத் தளத்துக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார்கள். கிள்ளானில் காதைச் சோதித்துப் பார்த்தாராம். காது நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த நல்ல செய்திதான் மனிதரை உடைத்துப் போட்டது.

இதையெல்லாம் காரியம் முடிந்த பிறகு லெட்சுமிதான் சொன்னார். "யாராச்சும் கதவத் தட்டுனா, உனக்கும் கேட்டுச்சாம்மான்னு கேப்பாருண்ணே. குக்கர் விசிலுக்குக்கூட கேப்பாரு. நான் ஆமான்னு சொன்னாத்தான் நம்புவாரு." பிறகு என் முகத்தையே பார்த்தார். "நீங்க கூட இருந்தவரு. சொல்லுங்க, அவருக்குப் புத்தி பேதலிச்சிருச்சா?"

"இல்லம்மா. அன்னிக்கு எனக்கும் கேட்டுச்சு."

அவர் அழவில்லை. திட்டவுமில்லை. "ஒரு போன் பண்ணி அவருகிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே," என்றார்.

ஆகவே சிரித்த எல்லோருக்கும் சொல்கிறேன். தேவராஜ் அண்ணனின் காதிலும் புத்தியிலும் ஒரு குறையும் இருந்ததில்லை. என் நாக்கில்தான் இருந்தது. ஜெஞ்சாரோம் தாளில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தை மறுபடி திறப்பார்களா என்று தெரியாது.

மூன்று முறை கூப்பிடும் அவருடைய வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். போன வாரம் சுங்கை பூலோவில் எஞ்சின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினேன். அடியில் போய் நின்று வாயைத் திறந்தேன். குரல் எழும்பவில்லை. பதில் வந்தால், எனக்கும் கேட்டது என்று சொல்லப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.