காலையில் முதல் ஸ்டார்ட்

பழைய டீசல் லாரியைச் சோதிக்கப் போனால், டிரைவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. வெதுவெதுப்பாக இருந்தால் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று வந்துவிடுவேன். கல்கத்தாவில் துறைமுகத்துக்குப் பக்கத்து யார்டு ஒன்றில் முப்பது வருடமாக இதுதான் என் வேலை. வண்டிகள் ஓடும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விஷயத்தில் என்னை ஏமாற்ற ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என் மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இதயக் கோளாறு. மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை. எப்படித் தெரியாமல் போச்சு என்று துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். போனில் கேட்டார்கள், நேரில் கேட்டார்கள், கேட்காதவர்கள் முகத்தாலேயே கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் லாரியிலிருந்து தொடங்குகிறேன். வேறு எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய இன்ஜினுக்கு நார்மல் எது என்று கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. புது வண்டியோடு ஒப்பிட்டால் அதில் எல்லாமே கோளாறுதான். சத்தம் போடும், ஓரத்தில் எண்ணெய் கசியும், குளிர்காலக் காலையில் வெள்ளைப் புகை விடும். இதெல்லாம் வயசு, மன்னித்துவிடலாம். ஆனால் அந்தப் புகை இரண்டு நிமிடத்தில் தெளிகிறதா, தெளியாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, ஓடுகிற இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே ஓட்டையின் மேல் தலைகீழாக வைப்பேன். மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. எகிறிக் கீழே விழுந்தால் உள்ளே பிஸ்டன் வளையங்கள் போய்விட்டன, காற்று கசிகிறது என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் முதலில் இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்திருக்க வேண்டும். தேய்ந்துபோன இன்ஜின்கூட ஒருமுறை சூடேறிவிட்டால் இரும்பு விரிந்து இடுக்குகள் அடைபட்டு, சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். புகையும் இருக்காது. நாள் முழுக்க நல்ல பிள்ளையாக ஓடும். சூட்டில் பார்க்க வேண்டியது ஆயில் பிரஷர் ஒன்றைத்தான். மற்ற வண்டவாளம் எல்லாம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும்.

அவள் இறப்பதற்கு முந்தைய டிசம்பரில் ஒரு லாரியைப் பார்க்கப் போனேன். வெளி ரோட்டில் ஓடும் வயது தாண்டி, யார்டுக்குள் மட்டும் சரக்கு இழுத்துக்கொண்டிருந்த வண்டி. டிரைவர் பீகார்க்காரர், கிட்டத்தட்ட என் வயது. குரங்குக் குல்லாவும் மேலே ஒரு மப்ளருமாக நின்றிருந்தார். நான் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"குளிர் சார். பாட்டரி கொஞ்சம் வீக். அதான் ஓட்டி வெச்சேன்" என்றார் இந்தியில்.

"பாட்டரி வீக்கா, நீங்க வீக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு முன்னால் போய் நின்றேன். இன்ஜின் பனிக்கட்டியாக இருந்தது. சாவியைத் திருப்பினார். இழுத்தது, இழுத்தது, பிடிக்கவில்லை. நாலாவது தடவை இருமிக்கொண்டு எழுந்து, ஷெட் முழுக்க வெள்ளைப் புகை போட்டது. ஐந்து நிமிடம் ஆகியும் புகை தெளியவில்லை. மூடியைத் தலைகீழாக வைத்தேன். எகிறி என் காலடியில் விழுந்தது. டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"இன்னும் ஒரு வருஷம்தான் சார் எனக்கு சர்வீஸ். இதோடயே நானும் போயிடறேன். ஒர்க் ஷாப்புக்கு அனுப்பினா இது திரும்பி வராது" என்றார்.

நான் மசியவில்லை. ஆனால் கண்டம், அதாவது இனி ஓட்டவே லாயக்கில்லை, என்று எழுதாமல், இன்ஜினைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எழுதினேன். திறந்தபோது இரண்டு சிலிண்டரில் வளையங்கள் உடைந்திருந்தன. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் இன்ஜினே பிளந்திருக்கும் என்றார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அன்று மாலை பெஹாலாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததுகூட உறைக்கவில்லை.

எங்கள் குவார்ட்டர்ஸ் பெஹாலாவில், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. என் மனைவி வந்த புதிதில் பெங்காலி தெரியாமல் அழுதவள். பிறகு என்னைவிட நன்றாகப் பேசினாள், எழுதவும் கற்றுக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் வேலூருக்கு ரயிலேறிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் என் மனைவியிடம் வந்து நாலு தமிழ் வார்த்தை வாங்கிப்போவார்கள். 'இங்கே வலிக்குது', 'மூச்சு வாங்குது', 'எப்ப சரியாகும்' என்று பெங்காலி எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுப்பாள். அவர்கள் எல்லோரும் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

நாங்கள் போகவில்லை. இது எங்களைப் போல இங்கே இருக்கிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வழக்கம். பல்வலி, கண், முட்டி, எதுவானாலும் கோடை விடுமுறைக்குத் திருச்சி போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோம். நம்ம பாஷையில் சொன்னால்தான் டாக்டருக்குப் புரியும் என்று ஒரு நினைப்பு. அவள் இறந்த வருடக் கோடைக்கும் டிக்கெட் எடுத்திருந்தோம். பெண் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பரீட்சை முடிந்த மறுநாள் ரயில்.

லாரி விஷயத்தை அன்று ராத்திரி தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். கை வைத்துப் பார்த்தது, சாவியை வாங்கியது, மூடி எகிறியது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவள் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இத்தனை நாளா சூடு பண்ணி வெச்சே உங்கள ஏமாத்திட்டு இருந்தாராக்கும்?"

"ஏமாத்தப் பாத்தாரு. என்கிட்ட நடக்குமா?"

"எவ்வளவு நேரம் ஓட்டி வெச்சா தெரியாமப் போகும்?"

"அரை மணி போதும். அதுக்கப்புறம் எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்படியா" என்று அடுத்த தோசையை என் தட்டில் போட்டாள்.

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டது அன்றுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னும் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஜனவரியில் ஒருநாள் சந்தையிலிருந்து வரும்போது, கையிலிருந்த காய்கறிப் பையை என்னிடம் நீட்டினாள். பையை யாரிடமும் கொடுக்காதவள் அவள். நான் கொஞ்சம் பயந்துபோனேன்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வயசாச்சுல்ல?"

நான் விடுகிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேண்டுமென்றே அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய், நடந்தே திரும்பக் கூட்டிவந்தேன். மாடிப்படியில் அவளை முன்னால் விட்டுப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு ஏறினேன். மூன்று மாடியும் பேசிக்கொண்டே ஏறினாள். பெண்ணுடைய பரீட்சைத் தேதி, ரயிலுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய புளியோதரை, இத்தனை வருடம் ஆகியும் நான் பெங்காலியில் இல்லாத ஆண்பால் பெண்பாலைத் தேடித் திணறுவது என்று ஒரே பேச்சு. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. மேலே போய் அவளே பூட்டைத் திறந்தாள்.

"நார்மல்" என்றேன், யார்டில் சொல்வது மாதிரியே.

"சர்டிபிகேட் குடுத்தாச்சா?" என்று சிரித்தாள்.

"குடுத்தாச்சு" என்றேன்.

பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழே இருந்து யாரோ கத்துகிற சத்தத்தில் விழித்துக்கொண்டேன். லுங்கியோடு ஓடினேன். முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், படியில், முதல் மாடி வீட்டு பெங்காலி அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் மனைவியின் தலை இருந்தது. பால் பாக்கெட் இரண்டும் பக்கத்தில் கிடந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். சிலருக்கு நெஞ்சு இறுக்கம் காலையில் செய்கிற முதல் வேலைக்கு மட்டும் வருமாம். கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடும். ஒருமுறை வந்துபோன பிறகு அதே படியை அன்றைக்கெல்லாம் சிரமமில்லாமல் ஏறுவார்களாம். "காலையில் முதல் முதலாகப் படியேறும்போது கஷ்டப்பட்டாரா, கவனித்தீர்களா?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளா நான் எந்திரிக்கறப்ப அவ பால் வாங்கிட்டு வந்து காபி போட்டு முடிச்சிருப்பா" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோதனை ஞாபகம் வந்தது. நாள் முழுக்க ஓடிய வண்டியைச் சாயங்காலம் பார்த்து நார்மல் என்று சொல்லியிருக்கிறேன். அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு ஜூனியரை நான் நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டியிருக்கிறேன்.

பெண் பரீட்சை எழுதினாள். எப்படி எழுதினாள் என்று எனக்குத் தெரியாது, எழுதிப் பாஸும் செய்தாள். ரயில் டிக்கெட்டில் ஒன்றை மட்டும் ரத்து செய்துவிட்டு, இரண்டு பேர் திருச்சிக்குப் போய் வந்தோம்.

டிரைவர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். தோள் துண்டைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார். வண்டி எப்படி இருக்கிறது என்று நான்தான் கேட்டேன். "தொட்டதும் ஸ்டார்ட் ஆகுது சார். நீங்க பிடிச்சதாலதான் பிழைச்சுது" என்றார். நன்றியாகத்தான் சொன்னார். நான் எழுந்து சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்த லாரி இன்றைக்கும் யார்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் மாடி அம்மா மட்டும் அந்த நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப்போவார். என் மனைவி அவரை தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். எனக்கும் அவர் தீதிதான். என்னை அவர் தாதா, அதாவது அண்ணா, என்பார். விடியற்காலையில் பூஜைக்குப் பூப்பறிக்க இறங்குவார். துர்கா பூஜை முடிந்து, பெரியவர்கள் வீட்டுக்கு இனிப்போடு போய் வருகிற நாட்களில், ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவரே மேலே வந்தார். தட்டை வைத்துவிட்டு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"நான் அப்பவே உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்" என்றார் பெங்காலியில். "பாலை வாங்கிட்டு வந்து தினம் அந்தப் படியிலதான் உட்காருவா. நெஞ்ச அழுத்திப் பிடிச்சுப்பா. கொஞ்ச நேரத்துல சரியாயிடும், எந்திரிச்சுப் போயிடுவா. டாக்டர்கிட்ட போன்னு எத்தனை தடவை சொன்னேன். பொண்ணு பரீட்சை முடியட்டும் தீதி, இப்பத் தெரிஞ்சா அவர் வீட்டையே தலைகீழாக்கிடுவார், அவ படிப்பு கெட்டுடும், ஊருக்குப் போயிப் பாத்துக்கறேன்னு சொல்லுவா."

அவர் சொன்னது உண்மை. நான் தலைகீழாக்கியிருப்பேன்.

"எப்பவும் நீங்க எந்திரிக்கிற நேரத்துக்குத்தான் பாலுக்கு இறங்குவா" என்று தொடர்ந்தார். "குளிர்காலத்துல ஒருநாள் திடீர்னு சீக்கிரமே வர ஆரம்பிச்சா. இருட்டா இருக்கே, பனி வேற, ஏன் இப்படி முன்னாடியே வர்றன்னு கேட்டேன். அவர் எந்திரிக்கறதுக்கு முன்னால அரை மணி வேணும் தீதி, அரை மணி போதும்னு அவரே சொல்லியிருக்கார்னு சிரிச்சா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களே சொன்னதுன்னதும், உங்களுக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுட்டேன் தாதா. அதனாலதான் நான் உங்ககிட்ட வரலை."

நான் அவருக்கு எதையும் விளக்கவில்லை. இனிப்பை எடுத்துவைத்துத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசல் வரை போய் வழியனுப்பினேன். எவ்வளவு நேரம் ஓட்டி வைத்தால் தெரியாமல் போகும் என்று கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று இப்போது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். வரவில்லை. நான் தோசைத் தட்டைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.