முதலில் சொறிந்தவள்

உலகத்தில் உள்ள உத்தியோகங்களில் அடுத்தவர் முதுகுக்குச் சொறி மருந்து பூசுவது கடைசிக்கு முந்தையது. கடைசி, அதைக் காசு கொடுத்துப் பூசிக்கொண்டு "ஐயோ எரியுதே" என்று கத்துவது. பத்தாவதில் தவறிய கையோடு குமாரபாளையத்தில் ஒரு டாக்டரிடம் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். பெண்களும் குழந்தைகளும் என் பங்கு. ஒரு கையில் வெள்ளை மருந்துக் கிண்ணம், மறு கையில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரஷ். எனக்கு இன்னொரு திறமையும் உண்டு. யார் குரலானாலும் இரண்டு தரம் கேட்டால் போதும், என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ரேடியோவில் செய்தி வாசிப்பவர், மைக்கில் கத்தும் லாட்டரிச் சீட்டுக்காரர், எங்கள் டாக்டரின் மூக்கடைத்த குரல், எல்லாம் என்னிடம் கைவசம். அன்பார்ந்த சக சொறியர்களே, விரலிடுக்கிலிருந்து நகத்தை எடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

பாலம் தாண்டும் நோய்

காய்ச்சல் என்றால் உள்ளூர் டாக்டர், சொறி என்றால் அக்கரை டாக்டர். இதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். குமாரபாளையத்துக்காரர் காவிரிப் பாலம் தாண்டிப் பவானிக்குப் போவார், பவானிக்காரர் இங்கே வருவார். நடுப்பாலத்தில் இரு கட்சியும் ஒருவரையொருவர் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போகும். எங்கள் டாக்டர் விவரமானவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பவானியில் போர்டு மாட்டாத ஓர் அறையில் உட்காருவார். பிரஷைப் பையில் போட்டுக்கொண்டு நானும் போவேன். அதாவது, எங்களிடமிருந்து தப்பிக்கப் பாலம் தாண்டுகிறவர்களும் எங்களிடமே வந்து விழுவார்கள்.

ஒருநாள் பவானியிலிருந்து ஜமக்காள வியாபாரியின் சம்சாரம் வந்தாள். நாத்தனாருக்கு அரிப்பாம், இவளுக்கு ஒன்றுமே இல்லையாம். சொல்லி முடிப்பதற்குள் இடுப்பை மூன்று தரம் சொறிந்துவிட்டாள். "அப்படின்னா அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவள் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்குத்தான் கண்ணு. இருந்தாலும் என்ற மேல பூசிக் காட்டு. எப்படிப் பூசறதுன்னு பாத்துட்டுப் போயி அவளுக்குப் பூசறேன்."

மூன்று நாள் கெடு

பாவாயியக்கா ஒரு விசைத்தறிப் பட்டறையில் தார் சுற்றுகிறவள், அதாவது தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கிறவள். பட்டறைக்குப் பக்கத்திலேயே முதலாளி வீடு என்பதால் வீட்டு வேலையும் அவள் தலையில்தான். அவளை ஒரு நாள் முதலாளியம்மாளே இழுத்துக்கொண்டு வந்தாள். இவர்கள் மட்டும் ஏன் பாலம் தாண்டவில்லை என்கிறீர்களா? சொறிவது வேலைக்காரி என்றால் உள்ளூரே போதும், வெட்கம் எதற்கு?

பாவாயியக்காவின் விரலிடுக்கெல்லாம் சிவந்த கொப்புளம். டாக்டர் ஊசி முனையால் ஒன்றைக் கிளறி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். "ம்ம்... சொறிப்பூச்சிதான். வீட்ல, பட்டறைல இவங்களோட பழகற அத்தனை பேரும் ஒரே நாள்ல மருந்து பூசிக்கணும், நீங்க உள்பட" என்றார். தெருவிலேயே முதல் டிவி வாங்கின வீட்டு அம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. மூன்று நாளில் அரிப்பு நிற்காவிட்டால் பாவாயி வேறு பட்டறை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றாள். சொறிக்காரி என்று துரத்தினவளை இந்த ஊரில் எந்தப் பட்டறை சேர்க்கும்? அது அந்த அம்மாளுக்கும் தெரியும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். "சொறியறது அவ, மருந்து எனக்குமா? நல்லாருக்குதுங்க உங்க வைத்தியம்!"

முப்பது நாள் தூங்கும் வாட்ச்மேன்

பாவாயியக்காவுக்குக் கழுத்திலிருந்து கால் வரை இரண்டு நாள் பூசினேன். துணியெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசினாள். மூன்றாம் நாள் வந்தாள், அப்போதும் சொறிந்துகொண்டு. எனக்கே மருந்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அரிப்பு பூச்சியோட வேலை இல்ல சரசு, உடம்போட வேலை. பூச்சி தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வைக்குது. அதோட எச்சிலும் கழிவும் அந்நியச் சரக்குன்னு உடம்பு கண்டுபிடிச்சுப் போடற சண்டைதான் அரிப்பு. பூச்சி செத்தாலும் அந்தக் குப்பை தோல்லதான் கிடக்கும். அது உதிர்ற வரைக்கும், ரெண்டு மூணு வாரம், சண்டை ஓயாது. இன்னொண்ணு கேளு. முதல் தடவைன்னா உடம்புக்கு அடையாளம் தெரியவே ஒரு மாசம் ஆகும். ஏற்கெனவே வந்து போனவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒண்ணு ரெண்டு நாள்லயே அரிக்கும்."

நோய் எதிர்ப்புச் சக்தி, நோய் எதிர்ப்புச் சக்தி என்று பாடப் புத்தகத்தில் பெரிதாகப் பீற்றினார்களே, லட்சணம் இதுதான். நூல் குடோனுக்கு இப்படி ஒரு வாட்ச்மேனை வைத்துப் பாருங்கள். திருடன் முதல் தடவை வந்தால் முப்பது நாள் "வாங்க, உக்காருங்க" என்பான். முப்பத்தோராம் நாள் "ஐயோ திருடன்!" என்று விசில் ஊதுவான். திருடன் செத்த பிறகு அவன் செருப்பைப் பார்த்து மூன்று வாரம் ஊதுவான். ஊதுகிற வேகத்தில் சொந்தக் கதவையே பிறாண்டிப் புண்ணாக்குவான். இதையெல்லாம் வாட்ச்மேன் குரலில் நடித்துக் காட்டினேன். பாவாயியக்கா சிரித்துக்கொண்டே கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். "பூச்சி செத்துப்போச்சு, சரி கண்ணு. அதை என்ற கைகிட்ட ஆரு சொல்றது?"

அவள் கையிடமும் யாரும் சொல்லவில்லை, முதலாளியம்மாளிடமும் சொல்லிப் பலனில்லை. பூச்சி செத்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அந்த அம்மாள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே வேலை போயிற்று.

அரிக்காத பெரியவர்

மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு ஆட்டுக்காரர் வந்தார். உள்ளங்கையும் முழங்கையும் பட்டை உரிந்த வேப்பமரம் மாதிரி. அரிப்பு? துளிக்கூட இல்லை. டாக்டர் ஒரு செதிலை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திருவிழாக் கூட்டம்! அவர் உடம்புக்கு எதிர்க்கும் தெம்பே போய்விட்டதாம். வாட்ச்மேன் ஒரேயடியாகப் படுத்துவிட்டான். அதனால் பூச்சிகளுக்கு ராஜபோகம், அவருக்கு நிம்மதி. கூட வந்த மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பிறாண்டிக்கொண்டு நின்றார்கள். பெரியவர் அவர்களை அருவருப்பாகப் பார்த்தார். "எனக்கு ஒரு கேடும் இல்லீங்க சாமி. இதுகதான் சுத்தபத்தம் இல்லாத சென்மங்க."

டாக்டர் செய்யாத போன்

அந்தப் பெரியவரைப் பார்த்ததும்தான் எனக்குப் பொறி தட்டியது. சொறியாதவர் எல்லாம் சுத்தம் இல்லை. சாயநூல் காயப்போடும் கூலிக்குப் போய், அரை வயிற்றோடு வந்த பாவாயியக்காவைப் பிடித்துக் கேட்டேன். சின்ன வயசில் அவளுக்குச் சொறி வந்திருக்கிறது. இந்தத் தடவை அரிப்பு தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை? லீவுக்கு வந்த முதலாளி மகனுக்கு, ஒன்பது வயசுப் பிள்ளைக்கு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாளாம். பையன் உடம்பெல்லாம் பிறாண்டியிருந்ததாம். "ஹாஸ்டல் தண்ணி ஒத்துக்கல" என்று அவன் அம்மா சொன்னாளாம். ஆக, கொண்டுவந்தது பையன். அக்காவின் வாட்ச்மேனுக்குப் பழைய ஞாபகம், இரண்டே நாளில் விசில். முதலாளியம்மாளின் வாட்ச்மேன் இன்னும் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் சாப்பிடப் போன நேரம் முதலாளியம்மாள் வீட்டுக்கு டெலிபோனைச் சுழற்றினேன். மூக்கை அடைத்துக்கொண்டேன். "ம்ம்... டாக்டர் பேசறேம்மா. இன்னும் மூணு வாரத்துல உங்களுக்கு அரிக்கும். முதல்ல விரலிடுக்கு, அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் தொப்புளைச் சுத்தி. எழுதி வச்சுக்குங்க." அந்தப் பக்கம் தறிச் சத்தத்துக்கு மேல் ஒரு சிரிப்பு. "நாங்கெல்லாம் சந்தனச் சோப்புப் போட்டுக் குளிக்கறவங்க. வையுங்க டாக்டர் போனை!"

நாத்தனாருக்கு

போன் பண்ணி நாலாவது ஞாயிறு. பவானி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். முக்காடு போட்ட ஒரு உருவம் உள்ளே வந்து, தலை நிமிராமல், "எனக்கில்லீங்க, எங்க நாத்தனாருக்கு" என்றது. பட்டுச்சேலைக்குள் ஒரு கை தொப்புளைச் சுற்றிப் பிரயாணம் போய்க்கொண்டிருந்தது. நான் பிரஷை மருந்தில் தோய்த்துக்கொண்டே, "விரலிடுக்குல ஆரம்பிச்சுதுங்களா அவங்களுக்கு?" என்று மூக்கால் கேட்டேன். முக்காடு நழுவியது. டாக்டர் எட்டிப் பார்த்தார். "அன்னிக்கே போன்ல சொன்னீங்களே டாக்டர்" என்று முதலாளியம்மாள் அழாத குறை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நல்ல மனுஷர், காட்டிக்கொடுக்கவில்லை. யாருக்கு எப்போது அரித்தது என்று கணக்குப் போட்டு, பூச்சி எந்தப் பிள்ளையோடு வந்தது என்று நிதானமாக விளக்கினார். "பாவாயி உங்களுக்குக் குடுக்கலம்மா. உங்க வீடுதான் அவளுக்குக் குடுத்துது."

மருந்து எரிந்ததா, வார்த்தை எரிந்ததா தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு சொன்னாள்: "நாளைக்கே அவளை வரச் சொல்றேனுங்க. பையன் கொண்டாந்ததுன்னு மட்டும் வெளிய சொல்லிப்போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் மருந்து பூசியாயிற்று. பாவாயியக்கா பழையபடி தார் சுற்றுகிறாள். அவளுடைய அரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. முதலாளியம்மாளின் வாட்ச்மேனோ இப்போதுதான் கண் விழித்தவன், சும்மா விடுவானா? மூன்றாம் நாள் அந்த அம்மாள் பட்டறை வாசலில் நின்று தறி ஓட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டே மணிக்கட்டைப் பிறாண்டியிருக்கிறாள். பாவாயியக்கா ராட்டையை நிறுத்தி, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாளாம்: "மூணு நாளாச்சுங்களே அம்மா, இன்னும் நிக்கலீங்களா?"

உடம்பு தூங்குமூஞ்சி வாட்ச்மேன்தான் சக சொறியர்களே, ஆனாலும் அது ஒரு மாசம் எடுத்துக்கொண்டாவது சரியான திருடனைக் கண்டுபிடிக்கிறது. முதலாளியம்மாக்களுக்கு ஒரே நிமிஷம் போதும், தப்பான ஆளைப் பிடிக்க.